வெள்ளை முகமூடியின் பின்பக்கம்: வாங்கலாமா, எதை வாங்குவது?

வண்ணம் தீட்டிப் பழகுவதற்கென்று கைவினைப் பொருள் கடைகளில் விற்கிற வெற்று வெள்ளை முகமூடியை எல்லாரும் அதன் முன்பக்கத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். இந்த மதிப்பீடு அதன் பின்பக்கத்தைப் பற்றியது. குழிந்த பக்கம் நம்மைப் பார்க்கும்படி முகமூடியைத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்று பாருங்கள். குழி காணாமல் போய்விடும். மூக்கு முன்னால் எடுப்பாக, கன்னம் உப்பி, ஒரு முழு முகம் அங்கே நிற்கும். இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் கூடவே இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் போனால் வலப்பக்கம் திரும்பும். கிட்டே போய் உள்ளே விரலை விட்டுத் தடவி, குழிதான் என்று உறுதி செய்துகொண்டு மறுபடி தள்ளி வந்து நின்றாலும் கண் கேட்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். நம் மூளை முகங்களை எப்படிப் படிக்கிறது என்று பள்ளி அறிவியல் மன்றத்திலோ வீட்டிலோ காட்ட, இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டும் கருவி வேறு கிடையாது. ஆனால் கடையில் தொங்குகிற எல்லா முகமூடியும் உதவாது. அணிந்துகொள்வதற்கு எது வசதியோ, அதுவே இந்த வேலைக்குக் குறையாகிவிடுகிறது.

முதல் குறை கண் ஓட்டை. அணிபவர் பார்ப்பதற்காக வெட்டிய அந்த இரண்டு ஓட்டைகள் வழியே பின்னாலிருக்கிற சுவர் தெரியும், வெளிச்சம் கசியும். முகம் என்று மூளை முடிவு கட்டுவதற்கு மிகப் பெரிய சாட்சி கண்கள். அந்த இடத்தில் சுவர் தெரிந்தால் மாயத்தோற்றம் தடுமாறும். ஆகவே, கண் மூடியிருக்கும் முகமூடி அல்லது விழி வார்க்கப்பட்ட முகமூடி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள். கிடைக்கவில்லையா, அடைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, மெல்லிய டிஷ்யூ தாளை அதில் நனைத்து, முகமூடியின் வெளிப்பக்கத்திலிருந்து ஓட்டையின்மேல் ஒட்ட வேண்டும். குறைந்தது நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. முதல் அடுக்கு ஈரமாக இருக்கும்போதே உள்ளிருந்து விரல் நுனியால் லேசாக வெளியே தள்ளிவிட்டால் விழியின் வளைவு வந்துவிடும். தட்டையாக ஒட்டிவிட்டால் குழிக்குள் தட்டைக் கண் தெரியும். அதுவும் காட்டிக் கொடுக்கும். மூக்குத் துளை, வாய்ப் பிளவு இருந்தால் அவற்றையும் இதே மாதிரி அடைத்துவிடுங்கள். எலாஸ்டிக் நாடாவையும் அதைப் பிடித்திருக்கிற ஸ்டேப்ளர் பின்னையும் கழற்றிவிட வேண்டும். ஓரத்தில் மின்னுகிற ஒரு சிறு பின்கூட ஓரம் எது என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, பளபளப்பு. வழவழ பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில் விளக்கின் எதிரொளி ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். நாம் நகரும்போது அந்தப் புள்ளி நகரும் விதம், பரப்பு உள்வளைந்ததா வெளிவளைந்ததா என்பதற்கு நேரடித் தடயம். 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து உள்பக்கம் முழுவதும் மென்மையாகத் தேய்த்துவிட்டு, மேட் வெள்ளை பெயின்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தால் பிரச்சினை தீர்ந்தது. காகிதக்கூழ் முகமூடிகளில் பளபளப்பு இருக்காது, ஆனால் உள்பக்கம் சொரசொரப்பாக, சில சமயம் செய்தித்தாள் எழுத்தோடுகூட இருக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கப் பிடிமானம் தேடுவதே இப்படிப்பட்ட சின்னச் சின்னப் புள்ளிகளைத்தான். எதுவும் எழுதாத, எதுவும் உறுத்தாத வெண்மை அந்தப் பிடிமானத்தைக் கொடுக்காது. அதனால்தான் வெற்று வெள்ளை பிளாஸ்டிக் ஜெயிக்கிறது.

உள்பக்கத்தில் முகத்தைக் கொஞ்சம் எழுதலாமா? எழுதலாம். புருவம், கண்மணி, உதடு இந்த மூன்றும் போதும். போஸ்டர் கலரைத் தண்ணியாகக் கரைத்து, ஓரம் கரைந்து போகிற மாதிரித் தீட்டுங்கள். மச்சம், பொட்டு, மீசை மயிர் என்று கூர்மையான கோடும் புள்ளியும் வைக்காதீர்கள். மேலே சொன்ன அதே காரணம்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு வருவோம். உள்வளைந்த உருவம் வெளிவளைந்து தெரிவதை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1826-லேயே செதுக்கு முத்திரைகளை வைத்து விவரித்திருக்கிறார். அதை முக முகமூடிக்குக் கொண்டுவந்து உலகம் முழுவதும் பிரபலமாக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி. அவருடைய சுழலும் சாப்ளின் முகமூடியைப் பார்க்காத அறிவியல் ஆசிரியர் குறைவு. கிரிகரியின் வாதம் இது. கண் அனுப்புவது தகவல், பார்ப்பது மூளையின் ஊகம். விழித்திரையில் விழும் படம் தட்டையானது. அதே நிழலும் கோடும் குழியிலிருந்தும் வரலாம், மேட்டிலிருந்தும் வரலாம். வாழ்நாள் முழுவதும் பார்த்த முகங்களில் ஒன்றுகூட உள்ளே குழிந்தது இல்லை என்பதால் மூளை மேட்டையே தேர்ந்தெடுக்கிறது.

முகத்துக்கு மூளை கொடுக்கிற இடம் அப்படி. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை, முகம் போல அமைந்த வரைபடத்தைக் கலைத்துப் போட்ட வரைபடத்தைவிட அதிக தூரம் தலையைத் திருப்பிப் பின்தொடர்கிறது என்று 1991-ல் காட்டினார்கள். 1997-ல் நான்சி கான்விஷரும் சக ஆய்வாளர்களும், மூளையின் அடிப்பக்கம், பொட்டுமடலின் கீழ்ப்பகுதியில், பொருள்களைவிட முகங்களுக்கு மிகக் கூடுதலாக விழித்துக்கொள்ளும் ஒரு பகுதியை, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானோரிடம் அது வலப்பக்கம் வலுவாக இருக்கிறது. 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தியிருந்த ஒருவருக்கு அந்த இடத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது, எதிரே இருந்த மருத்துவரின் முகம் உருமாறித் தெரிந்தது. உடையும் டையும் அப்படியே இருந்தன. அந்தப் பகுதி அடிபட்டால் பெற்ற தாயின் முகம்கூட அடையாளம் தெரியாமல் போகலாம். குரலைக் கேட்டால் தெரியும், முகத்தைப் பார்த்தால் தெரியாது. அந்தக் குறைக்கு ஜெர்மன் மருத்துவர் யோவாகிம் போடமர் 1947-ல் பெயர் வைத்தார்.

இனி வேலைக்கு. முகமூடியை நிறுத்தும் உயரம், பார்ப்பவரின் கண் மட்டம். பின்னணி ஒரே நிறத்தில், முகமூடியைவிடக் கொஞ்சம் அடர்ந்ததாக இருக்கட்டும். கரும்பச்சை அல்லது சாம்பல் நிற சார்ட் தாள் நன்றாக உழைக்கும். கறுப்பு வெல்வெட் இன்னும் மேல்.

தூரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மேசைக்கு முன் உட்கார்ந்து அரை மீட்டரில் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று முகமூடியைத் தூக்கி வைத்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். நம் இரு கண்களுக்கிடையே சுமார் 6.3 சென்டிமீட்டர். முகமூடியின் ஆழம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடது கண்ணும் வலது கண்ணும் பார்க்கும் படங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஒரு பாகையை 60 பங்காக்கி அதில் அளந்தால், அரை மீட்டரில் அது கிட்டத்தட்ட 69 பங்கு. ஒரு மீட்டரில் 17. இரண்டு மீட்டரில் 4-க்குக் கொஞ்சம் மேல். மூன்று மீட்டரில் 2-க்கும் கீழ். தூரம் இரட்டித்தால் வேறுபாடு நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. குழி என்று சொல்லும் குரல் அவ்வளவு வேகமாக அடங்கிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நல்ல பார்வை உள்ளவர்கள் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டைக்கூட உணர்வார்கள். அதாவது மூன்று மீட்டரிலும் இது குழி என்ற தகவல் மூளைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தகவல் வராததால் மூளை ஏமாறவில்லை. வந்த தகவலை, முகம் இப்படி இருக்காது என்று தள்ளிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடிந்தால் முகமூடிக்குக் கொடுத்த காசு வந்துவிட்டது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டால் இருகண் தகவலே இல்லாமல் போவதால் இன்னும் கிட்டத்திலேயே முகம் மேலெழும். கைப்பேசிக் கேமராவுக்கும் ஒரே ஒரு கண் என்பதால் வீடியோவில் பிரமாதமாக வரும். கண்காட்சியில் கூட்டம் அதிகமாகி யாரும் பின்னால் நகர முடியாவிட்டால், கைப்பேசியைக் கையில் கொடுத்துத் திரை வழியாகப் பார்க்கச் சொல்லிவிடலாம்.

வெளிச்சம். நம் மூளைக்கு வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சூரியனும் உத்தரத்து விளக்கும் மேலேதான். குழிந்த முகத்தில் கீழிருந்து வெளிச்சம் பட்டால் நெற்றியின் உள்சுவர் வெளுக்கும், தாடைப் பக்கம் இருளும். மேட்டு முகத்துக்கு மேலிருந்து விளக்குப் பிடித்தால் நிழல் எப்படி விழுமோ அதே அமைப்பு. ஆகவே விளக்கைக் கீழே வையுங்கள். வழக்கம்போல் மேலே டியூப்லைட்டைப் போட்டால், குழி முகம் பிள்ளைகள் தாடைக்குக் கீழ் டார்ச் பிடித்துப் பேய்க் காட்டும் முகம் மாதிரித் தெரியும். அப்போதும் முகம் மேலெழலாம், ஆனால் பலம் குறைவு. பிரிட்டனில் உளவியலாளர்கள் ஹரோல்ட் ஹில்லும் விக்கி புரூஸும் 1993-ல் வெளிச்சத்தின் திசை, முகம் நேரா தலைகீழா, இரு கண்ணா ஒரு கண்ணா என்று தனித்தனியாகச் சோதித்தார்கள். மூன்றுமே அதனதன் பங்குக்கு மாயத்தோற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன என்று கண்டார்கள்.

விளக்கை முகமூடிக்கு நேர் கீழே ஒட்டினாற்போல வைத்துவிடக் கூடாது. தாடை விளிம்பின் நிழல் குழிக்குள் கறுப்பாக விழுந்து, இது கிண்ணம் என்று சொல்லிவிடும். முகமூடிக்கு ஒரு மீட்டர் முன்னால், தரையில் அல்லது தாழ்ந்த ஸ்டூலில், சாய்வாக மேல்நோக்கி 5 அல்லது 7 வாட் எல்இடி பல்பு ஒன்று போதும். அதற்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்தால் நிழல் மென்மையாகும். பல்பு பார்ப்பவர் கண்ணில் படாமல் ஒரு அட்டை மறைப்பு வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் என்றால் வேறு ஒரு வழியும் இருக்கிறது. விளக்கைப் பின்னால் வைத்து முகமூடியின் வழியே ஒளியைக் கசியவிட்டால் விழு நிழல் அறவே இருக்காது. அமெரிக்காவில் டிஸ்னிலாந்தின் பேய் மாளிகையில் 1969 முதல் பார்வையாளர்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற சிலைத் தலைகளும் இப்படிக் குழிந்த முகங்கள்தான்.

வெளிச்சத்தின் பங்கை மட்டும் தனியாகப் பார்க்க முகமூடியே தேவையில்லை. சப்பாத்தி மாவு உருண்டையைத் தட்டி, கட்டைவிரலால் நான்கைந்து இடத்தில் அழுத்துங்கள். ஒரே ஒரு விளக்கை ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாகக் காட்டி, விளக்கு இருக்கும் பக்கம் படத்தில் மேலே வரும்படி ஒரு புகைப்படம் எடுங்கள். படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் எல்லாம் கொப்புளமாகிவிடும். கைப்பேசி தானாகப் படத்தைத் திருப்பிவிடாமல் இருக்க, திரைச் சுழற்சியை முடக்கிவிட்டுச் செய்யுங்கள்.

மாவுப் பள்ளமே மேடாகத் தெரிகிறது என்றால் முகத்துக்கு என்ன தனிச்சிறப்பு என்ற கேள்வி நியாயமானது. மேலே சொன்ன ஹில்லும் புரூஸுமே 1994-ல் குழிந்த முகத்தையும் குழிந்த உருளைக்கிழங்கு வடிவத்தையும் ஒப்பிட்டார்கள். உருளைக்கிழங்கும் மேடாகத் தெரிந்தது. ஆனால் நேராக நிற்கும் முகத்துக்கு அந்த விளைவு இன்னும் வலுவாக இருந்தது. எந்தப் பொருளும் வெளிப்புறமாகவே வளைந்திருக்கும் என்பது மூளையின் பொதுவான சாய்வு. முகம் என்று தெரிந்துவிட்டால் அதன்மேல் இன்னொரு சாய்வு சேர்ந்துகொள்கிறது. முகமூடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அந்த இரண்டாவது சாய்வு பெருமளவு கழன்றுவிடும். தலைகீழ் முகங்களை அடையாளம் காண்பதில் மற்றப் பொருள்களைவிட நாம் அதிகமாகத் தடுமாறுகிறோம் என்று ராபர்ட் யின் 1969-லேயே காட்டியிருந்தார்.

இதற்குத் துணையாக, செலவில்லாத ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10க்கு 15 சென்டிமீட்டர் அளவில், சிரிக்கிற முகம் ஒன்றை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் இரண்டு கண்களையும் வாயையும் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதே இடத்தில் தலைகீழாக ஒட்டுங்கள். இரு படங்களையும் தலைகீழாக வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நேராகத் திருப்பியதும் ஒன்று கோரமாகப் பார்க்கும். யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன் 1980-ல் மார்கரெட் தாட்சரின் படத்தில் செய்து காட்டியது இது. நேர் முகத்தை மூளை மொத்தமாக ஒரே வீச்சில் படிக்கிறது; தலைகீழ் முகத்தைத் துண்டு துண்டாகப் படிக்கிறது. வெட்டிய ஓரம் தெரிந்தால் விளைவு கெடும் என்பதால் தோலின் நிறம் ஒரே சீராக உள்ள இடத்தில் வெட்டுங்கள். பல் தெரியச் சிரிக்கும் படம் மூடிய வாயைவிட நன்றாக வேலை செய்யும்.

முகமூடியை வெறும் வேடிக்கையாக விடாமல் அளவுகோலாக்க ஒரு அளவு நாடா போதும். முகமூடியிலிருந்து தரையில் 4 மீட்டர் வரை 25 சென்டிமீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். பார்ப்பவர் 4 மீட்டரிலிருந்து மெதுவாக முன்னே நடந்து வர வேண்டும். முகம் உடைந்து குழியாகத் தெரிகிற கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிட்டத்திலிருந்து பின்னோக்கி நடந்து, குழி முகமாக மாறும் கோட்டைக் குறியுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் வராது. ஒருமுறை முகமாகப் பிடித்துக்கொண்டதை மூளை எளிதில் விடுவதில்லை என்பதால் வரும்போது கிட்டத்திலும் போகும்போது தள்ளியும் வரும். இரண்டின் சராசரியே அந்த ஆளின் புரட்டுத் தூரம். இதை நேர் முகம், தலைகீழ் முகம், கீழ் வெளிச்சம், மேல் வெளிச்சம், இரு கண், ஒரு கண் என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒரு உருப்படியான ஆய்வை முடித்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நடக்கும்போது தலையை ஆட்டக் கூடாது.

சுழல விட்டால் இன்னொரு அதிசயம் உண்டு. பொருள்களைப் படம் எடுக்கப் பயன்படும் பேட்டரிச் சுழல்மேடை வாங்கினால் போதும். ஒரு சுற்றுக்கு 10 முதல் 20 நொடி என்பது நல்ல வேகம். முன்பக்கம் தெரியும்போது முகம் சுழலும் திசை சரியாகத் தெரியும். குழிந்த பக்கம் வந்ததும் அது எதிர்த்திசையில் சுழல்வதாகத் தெரியும். முழு வட்டம் அடிக்காமல், இல்லை இல்லை என்று தலையாட்டுவது மாதிரி அங்குமிங்கும் போய் வரும். காரணத்தை மூக்கை வைத்துப் பிடிக்கலாம். குழியில் மூக்கு நுனி நமக்குத் தொலைவில் இருக்கிறது, கன்ன விளிம்பு கிட்டத்தில். சுழலும்போது கிட்டத்தில் இருப்பது வலப்பக்கம் போனால் தொலைவில் இருப்பது இடப்பக்கம் போகும். மூக்கு கிட்டத்தில்தான் இருக்கிறது என்று மூளை முடிவு செய்துவிட்டதால், அது இடப்பக்கம் போவதற்கு ஒரே விளக்கம் முகமே எதிர்த்திசையில் திரும்புகிறது என்பதுதான். நாம் நடக்கும்போது அது நம்மைப் பின்தொடர்வதற்கும் இதே கணக்கு. சுழல்மேடையில் நிறுத்தும்போது சுழல் அச்சு முகமூடியின் நடு ஆழத்தின் வழியாகப் போக வேண்டும். ஒரு பக்கம் தள்ளி ஒட்டினால் முகமூடியே வட்டமடித்து, சுழலும் திசையைக் காட்டிவிடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டாரைக் கழற்றிப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் உண்டு; அவற்றில் பல 230 வோல்ட்டில் நேரடியாக ஓடுபவை. பிள்ளைகள் கை படும் இடத்தில் அது வேண்டாம். மோட்டாரே இல்லாமல், உச்சியில் ஒரு நூலைக் கட்டி முறுக்கி விட்டாலே ஓரளவு போதும்.

வெள்ளை முகமூடிக்குப் போட்டியாக மூன்று நான்கு பொருள்கள் உண்டு. இவற்றில் மனதைக் கவர்வது கொலு பொம்மை அச்சு. மதுரைப் பக்கம் விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்ற இடங்களில் பொம்மை செய்பவர்கள் களிமண்ணையோ கூழையோ அழுத்தி எடுக்கும் பாரிஸ் சாந்து அச்சின் முன்பாதி, பார்த்தாலே குழிமுகம்தான். மேட் வெள்ளை, கண்ணில் ஓட்டை கிடையாது, விளிம்பு தடிமனாக நிற்கும். கையாளக் கனம் என்பதும் கீழே போட்டால் உடையும் என்பதும் தவிரக் குறையே சொல்ல முடியாது. முகத்தின் ஆழம் 2 சென்டிமீட்டர்தான் என்றால் ஒரு மீட்டரிலேயே இருகண் வேறுபாடு 4 பங்குதான் வரும். பெரிய முகமூடியை 2 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். சின்ன அறைக்கு இதுவே சிறந்தது. தேய்ந்து ஓய்ந்த பழைய அச்சு போதும். மூக்கும் உதடும் மழுங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கட்டடத்தில் மாட்டும் திருஷ்டி பொம்மை முகத்தைப் பலர் யோசிப்பார்கள். உள்பக்கம் குழிவுதான். ஆனால் ஃபைபரில் செய்ததன் உட்புறம் நாரும் முடிச்சுமாக இருக்கும், மாட்டும் கம்பி குறுக்கே நிற்கும், கோரைப்பல்லும் நாக்கும் குழிக்குள் வெறும் பொந்துகளாகிவிடும். ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால் 4 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பள்ளி அரங்கத்தின் மேடையில் வைக்க ஏற்றது, வீட்டுக்கு அல்ல.

முப்பரிமாண அச்சில் எடுத்துக் கொடுப்பவர்களிடம் சொல்லிச் செய்தால் நினைத்த முகம் கிடைக்கும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அச்சிடுவது. அப்போது தாங்கு சட்டங்கள் குழிக்குள்ளேயே முளைத்து, பிய்த்தெடுத்ததும் நமக்கு வேண்டிய பரப்பு முழுவதும் தழும்பாகிவிடும். தாடை விளிம்பில் நிற்கவைத்து, செங்குத்தாக அச்சிடச் சொல்லுங்கள். அடுக்கின் உயரம் 0.2 மில்லிமீட்டர் போதும், சுவர் 2 மில்லிமீட்டர். பிறகு 220, 400 எண் உப்புத்தாள்களால் உள்பக்கத்தைத் தேய்த்து மேட் பிரைமர் அடிக்காவிட்டால், அடுக்குக் கோடுகள் நில வரைபடத்தின் சமவுயரக் கோடு மாதிரி ஆழத்தை அச்சடித்துக் காட்டும்.

காசே வேண்டாம் என்பவர்களுக்குக் காகித டிராகன். கணிதப் புதிர்களால் புகழ்பெற்ற மார்ட்டின் கார்ட்னரைக் கௌரவிக்கும் சந்திப்புக்காக, மாயவித்தைக்காரர் ஜெர்ரி ஆண்ட்ரஸின் குழிவு உத்தியை வைத்துச் செய்த இந்தப் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரையுள்ள மேட் தாளில் அச்சிடுங்கள். பளபளக்கும் புகைப்படத் தாள் வேண்டாம். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் முனை கூராக வரும். தலையை உள்நோக்கி மடிக்க வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. சாதாரணப் பொம்மை மாதிரி வெளியே மடித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களே அதிகம். முகத்தின் விளைவை மட்டும் தனியாகக் காட்ட இது உதவாது. கண்ணைப் பறிப்பதில் குறை வைக்காது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இந்த மாயத்தோற்றம் பலிப்பதில்லை. அவர்களுக்குக் குழி குழியாகவே தெரிகிறது. ஜெர்மனியில் ஹனோவரில் மேற்கொண்டு 2009-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு அதன் பின்னணியைத் தேடியது. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரையாவது முகமூடி முன் நிறுத்திப் பரிசோதிக்காதீர்கள். யாருக்காவது உடனே குழியாகத் தெரிந்தால், பெரும்பாலும் அவர் மிகக் கிட்டத்தில் நிற்கிறார், அல்லது வெளிச்சம் மேலிருந்து விழுகிறது, அல்லது முகமூடியின் கண் ஓட்டை அடைபடவில்லை. இது நோய் கண்டறியும் கருவி அல்ல. அப்படிச் சொல்லி விற்பவர்கள் இருந்தால் அவர்களிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக, எல்லாச் சோதனைகளிலும் அருமையானது ஒன்று. கிரிகரி, மூளை ஆய்வாளர் மெல்வின் குடேல் ஆகியோர் அடங்கிய குழு 2006-ல் வெளியிட்டது. குழிமுகத்தின்மேல் ஒரு சின்ன இலக்கை ஒட்டி, அதைப் பூச்சியைத் தட்டுவது போல விரலால் சட்டென்று சுண்டச் சொன்னார்கள். கண்ணுக்கு முகம் முன்னால் துருத்திக்கொண்டு தெரிந்தபோதும், விரல் நேராகக் குழிக்குள் இருக்கிற உண்மையான இடத்துக்கே போனது. பார்த்து உணர்கிற பாதையும், கையை ஓட்டுகிற பாதையும் மூளையில் வேறு வேறு என்பதற்கு இது ஒரு சான்று. வீட்டில் இதற்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். 5 மில்லிமீட்டர் பொட்டு ஒன்றை உள்பக்க நெற்றியிலும் ஒன்றைக் கன்னத்திலும், சுண்டினால் பறக்கிற அளவுக்கு லேசாக ஒட்டுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் மாயத்தோற்றம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதால், உள்பக்கம் புருவமும் உதடும் தீட்டியிருக்க வேண்டும், அறை மங்கலாக இருக்க வேண்டும். முதலில், பொட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு குச்சியைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது முகமூடியின் விளிம்புக்கு முன்னால் வந்து நிற்கும். பிறகு, யோசிக்காமல் சட்டென்று சுண்டச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து கைப்பேசியில் வேகம் குறைத்த வீடியோ எடுத்தால், விரல் விளிம்பைத் தாண்டி உள்ளே போவது தெளிவாகத் தெரியும். முகமூடியைச் சுவரில் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டுச் செய்யுங்கள். சுண்டும் வேகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கழன்று விழும். விளிம்பு கூராக இருந்தால் விரல் கீறும் என்பதால் அதற்கு முன்பே ஓரம் முழுவதும் மேட் துணி டேப் சுற்றிவிடுங்கள்.